சாய்வு முச்சக்கர சைக்கிளுக்கு டயர்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

முதுகுவலி வந்தபிறகு, சாய்ந்திருந்து மிதிக்கும், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று சக்கரமுள்ள சைக்கிளில்தான் கல்லடியிலிருந்து கல்முனைப் பக்கம் போய்வருகிறேன். இப்படியான வண்டி வைத்திருப்பவர்கள் டயர் வாங்கும்போது ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கடையில் "20 இஞ்சி" என்று மட்டும் கேட்காதீர்கள். 20 x 1.75 டயர் 406 மில்லிமீற்றர் றிம்முக்கானது. 20 x 1 3/8 பெரும்பாலும் 451க்கானது. ஒன்றுக்குரியது மற்றதில் பொருந்தவே பொருந்தாது. பழைய டயரின் பக்கத்தில் புழுதியைத் துடைத்துப் பாருங்கள், 40-406 என்பதுபோல் பொறித்திருக்கும். முதல் எண் அகலம், அடுத்தது றிம் அளவு. அதைச் சொல்லியே கேளுங்கள்.

இலகுவாக உருள வேண்டுமென்றால் கட்டைப் பல் டயர் வேண்டாம். வழுவழுப்பாக, விரலால் அமுக்கினால் மடங்கிக் கொடுக்கும் பக்கச்சுவர் உள்ளதே நல்லது. காற்றை அளவுக்கு மீறி அடித்தால் கரடுமுரடான வீதியில் வண்டி துள்ளும், வேகமும் குறையும்.

முன்சக்கரங்கள் இரண்டும் நேராக இல்லாவிட்டால் எவ்வளவு விலைகொடுத்த டயரும் உராய்ந்து தேய்ந்துவிடும். அச்சு உயரத்தில் அந்த இரு சக்கரங்களுக்கும் இடையே முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் உள்ள இடைவெளிகளை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

மட்டக்களப்புச் சைக்கிள் கடைக்காரர்கள் அந்த மூன்றிலக்க எண்ணையும் டயர்ச் சீட்டில் எழுதி வைத்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி