பெரியப்பாவின் டிரொலி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுற யாழ்தேவி ரயிலைப் பற்றி எழுத ஆக்கள் நிறைய இருக்கினம். 1956 இல் ஓடத் தொடங்கினது, 1990 ஜூனோட நிண்டது, 2014 ஒக்டோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் போனது எல்லாம் எழுதியாச்சு. தண்டவாளம் பார்க்கிற வேலையில நீங்கள் லைனில தள்ளிக்கொண்டு போன டிரொலியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. அதுதான் நான் எழுதுறன்.

பெரிய கோச்சி கொழும்புக்குப் போற ஆக்களுக்கு. முறிகண்டியில வளர்ந்த எங்களுக்கு டிரொலிதான் கோச்சி. நாலு இரும்புச் சில்லு, மேல பலகை, இருக்க ஒரு வாங்கு, கைப்பிரேக், சுருட்டி வைச்ச சிவப்புக் கொடி. வாங்கில எங்களை இருத்திப்போட்டு, நீங்களும் அந்தச் சிங்கள மாமாவும் ஆளுக்கொரு தண்டவாளத்தில வெறுங்காலோட ஓடித் தள்ளுவியள். வேகம் பிடிச்ச உடனே பாய்ஞ்சு ஏறுவியள். மத்தியான வெயிலில அந்த இரும்பை நான் ஒருக்காத் தொட்டுப் பார்த்தனான், விரல் வைக்க ஏலாது. அதில எப்படி ஓடினீங்கள் எண்டு இப்பவும் எனக்கு விளங்கேல்லை.

தண்டவாளப் பொருத்துக்குப் பொருத்து டிரொலி ஒரு துள்ளுத் துள்ளும். ஏன் இடைவெளி விட்டிருக்கு எண்டு கேட்டதுக்கு, “வெயிலுக்கு இரும்பு நீளும் பிள்ளை, இடம் விடாட்டி வளைஞ்சு போகும்” எண்டு சொன்னனீங்கள். பிறகு பள்ளிக்கூடத்தில விஞ்ஞான ரீச்சர் அதைப் படிப்பிச்சபோது வகுப்பில முதல் கை உயர்த்தினது நான்தான்.

கோச்சி வரப்போகுதெண்டால் எங்களை இறக்கி, டிரொலியைத் தூக்கிச் சல்லிக்கல்லுக்கு அங்கால வைப்பியள். எங்கட கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிற்பியள். கோச்சி போனதும் நாங்கள் கடைசிப் பெட்டியைப் பார்த்துக் கை காட்டுவம். நீங்கள் குனிஞ்சு தண்டவாளத்துக்குக் கீழ குறுக்கே கிடக்கிற சிலிப்பர் கட்டையைத்தான் பார்ப்பியள், ஆணி இளகியிருக்கோ எண்டு. பாலைப்பழக் காலத்தில அந்த மாமா பெட்டியில பழம் கொண்டு வருவார், வாயெல்லாம் பால் ஒட்டும். சிலிப்பருக்கும் பாலைமரம் வெட்டினவை எண்டு அவர்தான் எனக்குச் சொன்னவர், உடைஞ்ச தமிழில.

சண்டைக் காலத்தில தண்டவாளமும் கட்டையும் கழண்டு பங்கர்களுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை உங்களுக்கு நான் சொன்னதில்லை. ஒருநாள் ஷெல்லுக்குப் பயந்து இறங்கின பங்கரில, என்ர தலைக்கு மேல குறுக்கே கிடந்தது சிலிப்பர் கட்டை. ஆணி இருந்த ஓட்டைகள், அதைச் சுத்திக் கறள் பிடிச்ச சிவப்பு. சத்தம் ஓயுமட்டும் அந்த ஓட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தனான். நீங்கள் அடிச்ச ஆணியாகவும் இருக்கலாம். அந்தக் கட்டை அண்டைக்கு எங்கள் எல்லாரையும் காப்பாத்தினது.

2013 செப்டெம்பரில கிளிநொச்சிக்குக் கோச்சி வந்தபோது நானும் பார்க்கப் போனனான். சந்தோசப்பட்டன், அழுதும் போட்டன். இப்ப கொங்கிரீட் சிலிப்பர், வேகமான ஓட்டம். நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய பாதையை வெயிலிலயும் மழையிலயும் ஒவ்வொரு ஆணியாப் பார்த்து வைச்சிருந்த ஆக்களின்ர பேர் என்ர காதில ஒருக்காலும் விழேல்லை. அது சரியில்லை, பெரியப்பா. டிறைவர்களையும் ஸ்டேசன் மாஸ்டர்மாரையும் நினைக்கிற ஊர் உங்களையும் நினைக்கவேணும்.

அதால உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். உங்களோட வேலை செய்த ஆக்கள் எல்லாரின்ர பேரையும் ஊரையும், ஆரார் எந்தத் துண்டைப் பார்த்தவை எண்டதையும் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை என்ர மகன் வட்ஸ்அப்பில எடுப்பான், ரெக்கோட் பண்ணச் சொல்லியிருக்கிறன். கண் தெரியேல்லை, எழுத ஏலாது எண்டு சாட்டுச் சொல்ல வேண்டாம், கதைச்சால் காணும்.

முதலில அந்தச் சிங்கள மாமாவைப் பற்றிச் சொல்லுங்கோ. 1983 கலவரத்துக்குப் பிறகு அவரை நாங்கள் காணேல்லை. எங்க போனவர் எண்டு கேட்ட நேரமெல்லாம் நீங்கள் கதையை மாத்தினனீங்கள். இப்ப எனக்கும் வயசு வந்திட்டுது. சொல்லலாம்.

அன்புடன்,
உங்கட பெறாமகள்