உன் கெண்டையும் வெந்நீர்க் கால்வாயும்

அன்புள்ள மணி,

தீபாவளி வாழ்த்துக்குப் பதில் போடவில்லை, பொங்கலுக்கும் போடவில்லை, கடைசியில் உன் தங்கை இங்கே சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் என்னை மடக்கி "எங்கண்ணன் மேல என்ன கோபம்?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை, சோம்பேறித்தனம்தான். வீட்டில் எல்லாரும் நலம். லூர்து இன்னும் அதே டோட்டோ லாட்டரி எண்களைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான், இன்னும் அதே நம்பிக்கையோடு. சிலேத்தாரில் உன் மானம் போன கதையை அவன் பேரனுக்கும் சொல்லிவிட்டானாம், நீ ஊர்ப் பக்கம் வரும்போது தலையில் துண்டு போட்டுக்கொண்டு வா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நண்பர்கள் குழுவில் நீ போட்ட படம். கனடாவில் உன் பிக்கரிங் அணுமின் நிலையத்துப் பக்கம், சுற்றிலும் பனி, தண்ணீரிலிருந்து ஆவி, உன் கையில் தொடை கனத்துக்கு ஒரு கெண்டை. அது போதாதென்று கீழே ஒரு வசனம் வேறு: "வெந்நீர் வந்தா மீனுக்குக் கொண்டாட்டம்டா, எவன் சொன்னான் கெடுதல்னு?" அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேலை பார்த்த காலமெல்லாம், நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குகிற கண்டென்சரோடும் குளிர்நீர்க் குழாயோடும் குடித்தனம் நடத்திய என்னால் அப்படிப் போக முடியவில்லை. குழுவில் எழுதினால் ரத்னம் "வாத்தியார் வந்துட்டார்" என்பான், அதனால் உனக்கு மட்டும்.

முதலில் உன் படத்திலேயே பதில் இருக்கிறது. நீ பிடித்தது கெண்டை. இருபது டிகிரிக்கு மேல்தான் அதற்குச் சுகம், குளிர்காலத்தில் கதகதப்பு எங்கே என்று தேடிப் போகும். பிக்கரிங் நிற்கிற ஒன்டாரியோ ஏரியில் குளிரையே நம்பி வாழ்கிற மீன்கள் வேறு: லேக் டிரவுட், ஒயிட்ஃபிஷ் வகைகள். லேக் டிரவுட்டுக்குப் பிடித்தது பத்து டிகிரி சுமார். அவை உன் படத்தில் இல்லை. வந்தவனை எண்ணிப் பார்த்துவிட்டு விருந்து பிரமாதம் என்கிறாய், வராதவனை யார் எண்ணுவது?

அணுமின் நிலையத்தில் உண்டாகிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மிச்சம் இரண்டு பங்கையும் எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். ஏரி பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீரையே இழுத்துக் கண்டென்சரில் ஓடவிட்டு, பத்து டிகிரி வாக்கில் சூடேற்றித் திருப்பி விடுவார்கள். இதில் ரசாயனம் ஒன்றும் கலப்பதில்லையே, வெறும் சூடுதானே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் சூடேறினால் தண்ணீரில் பிராணவாயு நிற்காது. ஒரு லிட்டரில் 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் கரையும், 10 டிகிரியில் 11.3, 20 டிகிரியில் 9.1, நம்மூர் நீர்த்தேக்கம் போல 30 டிகிரி என்றால் 7.6தான். இதோடு போனால் பரவாயில்லை. மீனுக்கு உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான், பத்து டிகிரி ஏறினால் அதன் உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் எரியத் தொடங்கும். மூச்சு அதிகம் தேவைப்படுகிற அதே நேரத்தில் மூச்சு கிடைப்பது குறைகிறது. நம்மூர்த் தோமான், அந்த விரால் வகை மீன், மேலே வந்து காற்றையே விழுங்கிச் சமாளித்துவிடும், திலாப்பியாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சாக்கடையிலும் பிள்ளை பெறும். டிரவுட்டுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. கோடையில் மேல்நீர் சூடாகிவிட்டால் ஆழத்துக்கு இறங்கும். ஆழத்தில் பிராணவாயு தீர்ந்துபோன ஏரியாக இருந்தால் நடுவில் ஒரு மெல்லிய அடுக்குதான் அதற்கு மிச்சம், அதற்குள் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

நீ சொல்லப்போவது தெரியும், "நான் போனது குளிர்காலத்தில்டா, அப்போது பிராணவாயுவுக்கு என்ன குறை?" உண்மைதான். ஆனால் என்னை எழுத உட்கார வைத்ததே குளிர்காலம்தான்.

ரவுண்ட் ஒயிட்ஃபிஷ் என்று ஒரு மீன் உன் கரையிலேயே இருக்கிறது. நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில் கரையோரச் சரளைக் கல்லில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அந்த முட்டை பனிக்காலம் முழுக்க உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் கிடந்து மெல்ல மெல்ல வளர வேண்டும், வசந்தத்தில் ஏரி விழித்து நுண்ணுயிர் பெருகுகிற நேரத்துக்குப் பொரிய வேண்டும். அந்தக் குளிர்தான் முட்டையின் கடிகாரம். கரையோரம் இரண்டு மூன்று டிகிரி கூடினாலே கடிகாரம் முந்திவிடும். குஞ்சு சீக்கிரம் வெளியே வரும், வந்து பார்த்தால் தின்ன ஒன்றும் இருக்காது. கல்யாண வீட்டுக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்னாலேயே வந்து பந்தியில் உட்கார்ந்த கதைதான். பிக்கரிங் வெந்நீர் இந்த முட்டைகளை என்ன செய்கிறது என்று பல வருடம் ஆய்வு நடந்திருக்கிறது, நீ தூண்டில் போட்டு நின்ற அதே கரையில்! பக்கத்து டார்லிங்டன் நிலையத்தில் வெந்நீரைக் கரையில் விடாமல் குழாய் போட்டு ஏரிக்குள் தள்ளிக் கொண்டுபோய், அடியில் பல துளைகள் வழியாகக் கலக்க விடுகிறார்கள். பிக்கரிங் அதற்கு மூத்தது, 1971லிருந்து ஓடுகிறது, அது கரையிலேயே கால்வாயில் விடுகிறது.

பெரிய மீனுக்கும் குளிர் தேவை. உன் பக்கத்து ஈரி ஏரியின் மஞ்சள் பெர்ச் மீனைப் பற்றி 2015ல் ஓர் ஆய்வு வந்தது. குளிர்காலம் குறுகி, வெதுவெதுப்பாகப் போனால் பெண் மீன் இடுகிற முட்டை சிறுக்கிறது, பொரிவது குறைகிறது, குஞ்சும் நோஞ்சானாகிறது. மீன் தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டுதான் இருக்கும், தூண்டிலிலும் மாட்டும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, வெந்நீர் நின்றால் என்ன ஆகும்? குளிர்காலத்தில் கால்வாயில் குவிந்த மீனின் உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழகிவிடும். திடீரென்று நிலையம் நின்றால் சில மணி நேரத்தில் தண்ணீர் பழையபடி பச்சைக் குளிராகும், பழகிய மீன் விறைத்துச் செத்து மிதக்கும். பல உலை உள்ள இடத்தில் ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும், ஒற்றை உலை நிலையங்களில்தான் இந்தப் பயம் அதிகம். உன் பிக்கரிங்கில் 1, 4 எண் உலைகள் 2024ல் நிரந்தரமாக நின்றுவிட்டன அல்லவா, கூட்டம் குறைந்திருக்கிறதா? மீன் கூட்டத்தையும் கேட்கிறேன், தூண்டில் கூட்டத்தையும் கேட்கிறேன்.

இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜெர்மன் ஏரி கண்ணில் பட்டது, ஸ்டெஹ்லின் என்று பெயர். கிட்டத்தட்ட 70 மீட்டர் ஆழம், தெளிந்த குளிர்ந்த தண்ணீர். 1966லிருந்து 1990 வரை ரைன்ஸ்பெர்க் அணுமின் நிலையம் பக்கத்து ஏரியில் தண்ணீரை இழுத்து, சூடாக்கி, இந்த ஏரியில் விட்டது. நிலையத்தை மூடிய பிறகு, 2003ல், அந்த ஏரியில் இருக்கிற ஒரு சின்ன மீன் தனி இனம் என்று வகைப்படுத்தினார்கள். ஃபொன்டானே சிஸ்கோ. அதன் உறவுக்காரர்கள் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், இது வசந்தத்தில் இடும். உலகத்தில் வேறு எந்த ஏரியிலும் இது கிடையாது. யோசித்துப் பார் மணி, தனி இனம் என்று யாருக்கும் தெரியாத ஒரு மீனின் ஒரே வீட்டில் இத்தனை வருடம் வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். ஏரி ஆழமாக இருந்ததால் அடியில் குளிர் தங்கியது, மீனும் தங்கியது. ஆழம் குறைவாக இருந்திருந்தால் அப்படியொரு மீன் இருந்ததாகவே யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, சிரிக்காதே. இப்போது அந்த ஏரியின் ஆழத்திலும் பிராணவாயு குறைந்து வருகிறது என்கிறார்கள், நிலையம் மூடிய பிறகும்.

உன் ஊரில் ஒரு நல்ல காரியமும் நடக்கிறது, உனக்குத் தெரியுமோ என்னவோ. டொராண்டோவில் 2004லிருந்து ஏரியின் 83 மீட்டர் ஆழத்திலிருந்து நாலு டிகிரித் தண்ணீரை எடுத்து, அதன் குளிரைக் கட்டடங்களின் ஏர்கானுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரைக் குடிநீர்க் குழாய்க்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரின் சூடு நேராக ஏரிக்குத் திரும்புவதில்லை. இங்கே நாங்கள் ஏர்கான் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம், நீங்கள் குளிரைக் குழாயில் பிடிக்கிறீர்கள், நன்றாக இருங்கள்.

மீன் பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது உன் மருமகனின் மீன்தொட்டி டெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு போ. கால்வாய் வாயில் ஒரு தரம், கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து ஒரு தரம், இன்னும் தள்ளி ஒரு தரம் அளந்து எழுது. சூடு எவ்வளவு தூரம் கரையை ஒட்டியே போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்.

ரத்னத்துக்கு அடுத்த மாதம் முழங்கால் ஆப்பரேஷன். பயப்படவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான், அதனால் பயந்திருக்கிறான் என்று அர்த்தம். நீயே அவனுக்குப் போன் போடு, நான் சொல்லித்தான் போட்டாய் என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
செல்வா