ஒட்டியிருப்பது தங்க ரேக்கா இல்லையா என்று எழுத வையுங்கள்

இணையத்தில் ஓவியங்கள் விற்கும் தளங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூரில் பலகைப் படம், அதாவது தஞ்சாவூர் ஓவியம், போடுகிறவள், 18 வருடமாக இதுதான் தொழில்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகள் கல்யாணத்துக்குக் கொடுக்க ஒரு தளத்தில் ஆலிலைக் கிருஷ்ணர் படம் வாங்கியிருக்கிறார், '22 காரட் தங்க ரேக்' (படத்தில் ஒட்டுகிற மெல்லிய தங்கத் தகடு) என்று போட்டிருந்ததாம், இரண்டு வருடம்கூட ஆகவில்லை, கிரீடத்தைச் சுற்றிக் கறுத்துவிட்டது, சரி செய்து தருவீர்களா என்று கேட்டார். தங்க ரேக் அப்படிக் கறுக்காது. பித்தளை கலந்த போலி ரேக்தான் காற்றும் ஈரமும் பட்டுக் கறுக்கும். அதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், 'இனிமேல் இந்தப் படமே வேண்டாம்மா' என்றார். ஏமாற்றினவர் யாரோ, ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்னது எங்கள் எல்லோருடைய வேலையையும்தான்.

போட்டோவில் தங்கமும் போலியும் ஒரே மாதிரிதான் மின்னும். இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் கோந்தும் பூசித் தேய்த்து, கோடு போட்டு, நகையும் மண்டபமும் வருகிற இடத்தில் புடைப்பு எழுப்பி, கல் பதித்து, ரேக் ஒட்டி, கடைசியில் வர்ணம் தீட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இன்னொருவர் அச்சடித்த படத்தின் மேல் நாலு கல்லை ஒட்டி அதே பெயரில் போடுகிறார். அச்சுப் படமோ போலி ரேக்கோ விற்பது தப்பில்லை, கையில் இருக்கிற காசுக்கு ஏற்றபடி வாங்க நினைக்கிறவர்கள் உண்டு. அதை அதுவென்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆகவே படத்தை ஏற்றும்போதே சில விவரங்களைக் கட்டாயமாக்குங்கள். ரேக் எது, கல் எது, பலகை எது, கையால் தீட்டியதா அச்சா, அளவு சட்டத்தோடு சேர்த்தா சேர்க்காமலா (இந்த அளவுச் சண்டை எனக்கே மூன்று தடவை வந்திருக்கிறது). பின்பக்கப் போட்டோ ஒன்று, வேலை பாதியில் இருக்கும்போது எடுத்தது ஒன்று. உண்மையில் வரைந்தவரிடம் பாதி வேலைப் போட்டோ இருக்கும், என் படத்தைத் திருடித் தன் பெயரில் போடுகிறவரிடம் இருக்காது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொண்டவர் என்றால் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

'நூறு வருடப் பழைய படம்' என்று விற்கிறவர்களிடம் இன்னும் கண்டிப்பாக இருங்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள், அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. புகை காட்டிப் பழசாக்கின படமாக இருந்தால் அது வேறு மோசடி.

சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கோயம்புத்தூர் அம்மாவுக்கு வந்தது தானியங்கிப் பதில் மட்டும்தான். மனிதர் ஒருவரைப் பேச வையுங்கள்.

எங்கள் பக்கத்துப் பயத்தையும் சொல்ல வேண்டும். ராணுவத்தில் இருக்கிறேன், படம் பிடித்திருக்கிறது, இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யூபிஐ பின் போட்டால் உங்களுக்குப் பணம் வரும் என்று ஒருவர் என்னிடம் பேசினார். பணம் வாங்குவதற்குப் பின் போட வேண்டியதே இல்லை என்று என் மகனுக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். என்னோடு வேலை பார்க்கிற ஒரு அக்கா 14,000 ரூபாய் இழந்துவிட்டார். பணத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, படம் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் பிரித்துப் பார்த்துச் சரி என்றதும் எங்களுக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி. திருப்பி அனுப்புகிறவர் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்றும் வையுங்கள், நான் அனுப்பியதை வைத்துக்கொண்டு வேறொன்றைத் திருப்பின கதையும் இங்கே உண்டு.

நான் விற்கிற ஒவ்வொரு படத்துக்கும் பில்லிலேயே ரேக், கல், பலகை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அப்படி ஒரு பில்லின் நகலை இந்த மடலோடு வைத்திருக்கிறேன். அதில் இருக்கிற வரிகளை அப்படியே உங்கள் படிவத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூரிலிருந்து,
ஓர் ஓவியர்