மான்டரேக்கு ஒருநாள் போய்விட்டு வாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சான் ஹோசேயில் குடித்தனம் வைத்ததிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் லீவு நாள் என்றால் கடை, சமையல், துணி என்றே போகிறது. எங்கேயாவது போகலாமா என்று நீ கேட்டதும் மான்டரே பே அக்வேரியம் என்றேன். "கண்ணாடித் தொட்டியில மீன் பார்க்க ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டணுமாக்கா?" என்றாய். போனில் சொல்லி மாளாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

101-ஆம் நெடுஞ்சாலையில் போங்கள். கில்ராய் பக்கம் கார் கண்ணாடியை இறக்கினால் பூண்டு வாசனை வரும். உன் மாமா அங்கே அம்மாவின் பூண்டுக் குழம்பைப் பற்றி ஆரம்பித்தவர், காஸ்ட்ரோவில் என்ற ஊரைத் தாண்டியும் ஓயவில்லை.

உள்ளே போனதும் நேராகக் கெல்ப் காட்டுக்குப் போய்விடு. கெல்ப் என்பது மரம்போல நிமிர்ந்து வளரும் கடற்பாசி. தொட்டி 28 அடி உயரம். மேலே திறந்திருப்பதால் வெயில் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அசையாத தண்ணீரில் கெல்ப் பிழைக்காது என்பதால், அலைபோலத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதை வடிவமைத்தவர் ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டேவிட் பேக்கார்ட். 1984-இல் இந்த இடம் உருவானதே அவர் குடும்பம் கொடுத்த பணத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தண்ணீர். பக்கத்து விரிகுடாவிலிருந்தே குழாயில் வருகிறது. பகலில் நமக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமென்று வடிகட்டுகிறார்கள், ராத்திரியில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதில் மிதந்துவரும் கடல் உயிர்களின் நுண்ணிய குஞ்சுகள் தொட்டியின் பாறையில் தாமாக ஒட்டி வளர்கின்றன. நீ சொன்ன கண்ணாடித் தொட்டி இல்லை இது, கடலின் ஒரு துண்டு!

கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வேடிக்கை நடக்கும். பாசி இடப்பக்கம் சாய, மீனெல்லாம் அதோடு சாய, பார்க்கிறவர்களும் தெரியாமலே சாய்வார்கள். உன் மாமா கையைக் கட்டிக்கொண்டு நல்ல தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து நிறுத்தப் போன நானும் சேர்ந்து ஆடினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஆடிய முதல் நடனம் அதுதான்.

அப்புறம் கடல் நீர்நாய்கள். மற்ற கடல் பாலூட்டிகளுக்கு இருக்கும் கொழுப்புப் போர்வை இதற்குக் கிடையாது. குளிரைத் தாங்க அடர்ந்த ரோமமும் தீராத பசியும்தான். தினமும் தன் எடையில் கால் பங்கு தின்னும். மல்லாந்து மிதந்து, வயிற்றையே தட்டாக்கி, சிப்பியைக் கல்லில் தட்டித் தட்டிச் சாப்பிடும். அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி இந்த இனத்தை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் மிஞ்சியது பிக் சர் கடற்கரைப் பக்கம் ஒளிந்திருந்த ஒரு சிறு கூட்டம். தாயை இழந்து கரை ஒதுங்கும் குட்டிகளை இங்கே காப்பாற்றுகிறார்கள். பால் கொடுக்கப் போகிறவர்கள் கறுப்பு அங்கியும் முகமூடியும் போட்டுக்கொள்கிறார்கள். மனிதரோடு ஒட்டிக்கொண்டால் திரும்பக் கடலில் விடமுடியாதே! பெரிய பெண் நீர்நாய்கள் வளர்ப்புத் தாயாகி, சிப்பி உடைக்கக் கற்றுக்கொடுக்கின்றன. இதைக் கேட்டு உன் மாமா கண் கலங்கினார். நான் சொன்னதாகச் சொல்லாதே.

திருக்கையைத் தொட்டுப் பார்க்கவும் ஒரு குளம் இருக்கிறது. முழுக்கைச் சட்டையென்றால் மடித்துவிட்டுக்கொள். தண்ணீர் நன்றாகவே தெறிக்கும்.

கட்டிடத்தையும் கவனி. அங்கே முன்பு ஹோவ்டன் மீன் டப்பா ஆலை இருந்தது. விரிகுடாவின் மத்தி மீனை அளவில்லாமல் பிடித்தார்கள், அது குறைந்துபோனதும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, ஹோவ்டன் 1973-இல். அந்தப் பழைய கொதிகலன்கள் இன்றும் உள்ளே நிற்கின்றன. அதே இடத்தில் இப்போது மத்திக் கூட்டம் வெள்ளி வெளிச்சமாகச் சுற்றுவதை ஜனங்கள் வாய்திறந்து பார்க்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பெரிய சந்தோஷம்.

எல்லாத் தொட்டியையும் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்று ஓடாதே. உன் மனைவிக்கு எது பிடிக்கிறதோ அங்கேயே அவளோடு நில். பின்பக்க மொட்டைமாடியில் நின்றால் விரிகுடாவிலேயே நீர்நாய் தெரிந்தாலும் தெரியும். டிக்கெட்டை முன்னாடியே வாங்கிவிடு, சனிக்கிழமை வேண்டாம். ஆகஸ்ட் மாதமானாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அங்கே மூடுபனி இறங்கினால் நம்ம ஊர் மார்கழிதான்.

அன்புடன்,
அக்கா