எடை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். ஒரு நாடு எரித்த நிலக்கரியின் டன் கணக்கை ஒரே எண்ணால் பெருக்கிவிட்டு, இவ்வளவுதான் அது விட்ட கரியமில வாயு என்று உங்கள் இதழில் எண் போடுகிறீர்கள். 12 கிலோ கார்பன் முழுசாக எரிந்தால் 44 கிலோ வாயு, அது சரி, ஆனால் ஒரு டன் கரியில் கார்பன் எவ்வளவு?

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை பாய்லரில் பல வருஷம் கரி அள்ளிப் போட்டவன் நான். நம் நாட்டுக் கரி என்றால் நூற்றுக்கு 30, 40 பங்கு சாம்பலாகவே திரும்பி வரும், அதைக் கொட்ட இடம் தேடுவதே பெரிய பாடு. இந்தோனேசியக் கரியில் சாம்பல் கம்மி, ஈரம் ஜாஸ்தி. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு வரும் கரிக்கும் இதே கேள்விதான். அப்புறம், சாம்பலில் எரியாமல் கிடக்கும் கறுப்புத் துண்டுகளை அந்தக் கணக்கிலிருந்து யார் கழிக்கிறார்கள்? அடுத்த முறை எண்ணைப் போடும்போது, எந்தக் கரி, ஒரு கிலோ எரித்தால் எவ்வளவு வெப்பம் தரும் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர், பெருந்துறை