சாவியைத் திருகும் முன் பானட்டைத் திறவுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல மாதம் ஓட்டாமல் நிறுத்திய பழைய பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, உங்கள் வாகனப் பக்கத்தில் 'பேட்டரியை மாற்றுங்கள், இனி வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள்' என்று பதில் போட்டிருந்தீர்கள். கிடைத்த இடம் அவ்வளவுதான் என்பது புரிகிறது. ஆனால் பட்டறையில் பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்தப் பதிலின் இரண்டு பாதியிலுமே உடன்பாடில்லை. புது பேட்டரி போட்டும் ஸ்டார்ட் ஆகாமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்படும் வண்டிகளை அடிக்கடி பார்ப்பவன் நான்.

முதலில் செய்யவேண்டியது சாவியைத் தொடாமல் இருப்பது. பானட்டைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ரப்பர் குழாய்களைப் பாருங்கள். விரலால் மடக்கினால் வெடிப்பு தெரியும் குழாயை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்வது தீயை விலைக்கு வாங்குவது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள்; எலிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. ஒயர்களையும் கடித்து வைத்திருக்கும். அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் நாறினால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்தோ, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் ஒழுகியோ உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் இன்ஜினைச் சுற்றவே கூடாது.

ரொம்ப நாள் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கப் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் நிம்மதி. சுற்ற மறுக்கிற இன்ஜினை செல்ஃப் மோட்டாரை வைத்து மிரட்டினால் இரண்டு செலவு.

பேட்டரிக்கு வருகிறேன். அது இறங்கியதற்குப் பெரும்பாலும் ஒரு சாதாரணக் கணக்குதான் காரணம். கடிகாரம், அலாரம், ரேடியோவின் ஞாபகசக்தி எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). 40 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு மாதத்துக்குச் சற்று மேலே போனதும் காலி. அதனால் இறங்கிய பேட்டரி எல்லாம் செத்த பேட்டரி அல்ல. மெதுவாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு மீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழுசாக ஏறியிருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அப்போது மாற்றுங்கள், சரி. ரொம்ப நாள் சார்ஜ் இறங்கியே கிடந்த பேட்டரியில் தகடுகள் மேல் சல்ஃபேட் இறுகி, சார்ஜே நிற்காமல் போவதும் உண்டு.

அதற்கும் முன்னால் டெர்மினலை, அதாவது ஒயர் மாட்டும் பேட்டரி முனையைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சோடா உப்புக் கரைசலில் கழுவி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை இருக்கும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. துரு ஏறியிருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் செல்ஃப் முனகத்தான் செய்யும். ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் இரும்புக்குக் கொடுத்துப் பாருங்கள். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் திருடன் அகப்பட்டான்.

இப்போது சாவியைத் திருகி, காதைக் கொடுங்கள். 'டகடகடக' என்று படபடத்தால் சொலினாய்டை (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்க கரண்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றத்தான் இல்லை. ஒரே ஒரு 'டக்'குடன் அடங்கிவிட்டால், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி திருகுங்கள். வெளிச்சம் அப்படியே மங்கி அணைந்தால் பேட்டரியோ இணைப்போ. பிரகாசமாகவே இருந்தால் செல்ஃப் மோட்டார் அல்லது சொலினாய்டு. சத்தமே இல்லாமல் டேஷ்போர்டும் இருட்டாக இருந்தால் திரும்ப டெர்மினலுக்கே போங்கள்.

செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்? உங்கள் வாகனப் பக்கத்தின் பதில் இதைத் தொடவே இல்லை. பட்டறைக்கு வருவதில் பாதி இந்த ரகம். பத்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் செல்ஃப் அடிக்காதீர்கள், ஒரு நிமிடமாவது மோட்டாரை ஆறவிடுங்கள். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு (பிளக்கின் தீப்பொறி) வரவில்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது. மீறி வந்திருந்தால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். காற்று புகுந்து காய்ந்துவிடும்.

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதைப் பலர் நம்புவதே இல்லை. சீக்கிரம் தீப்பிடிக்கிற லேசான பகுதிதான் முதலில் ஆவியாகிறது. மிஞ்சுவது கனமான பகுதி. அதில் பழைய பெயின்ட் வாடை அடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். நாள்பட்டு நின்ற வண்டியின் கார்புரேட்டர் மூடியைக் கழற்றினால் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரின் அடியில் பெட்ரோலே இருக்காது. அரக்கு காய்ந்தது போல ஒரு பழுப்புப் படலம்தான் இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொலபொலவென்று உதிரும். அதே படலம் பெட்ரோல் அளவாகப் போகும், ஊசிமுனை போன்ற ஜெட் ஓட்டையையும் அடைத்திருக்கும். தயவுசெய்து அதில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் பழைய நிலைக்கு வரவே வராது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். டேங்க்கில் இருப்பதை இறக்கிவிட்டுப் புது பெட்ரோல் ஊற்றுங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவியை ஆனில் வைத்ததும் பின்பக்கமிருந்து இரண்டு வினாடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும். கேட்கவில்லையா, ஃபியூஸ், ரிலே, அதற்கப்புறம்தான் பம்ப்.

நெருப்பு வராவிட்டால், பாயின்ட் (தீப்பொறிக்காகக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டியில் முதல் சந்தேகம் அதன் மேல்தான். சும்மா நின்றாலே அதன் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படிந்துவிடும். நைஸான உப்புத்தாளை நடுவில் வைத்து ஓர் இழுப்பு, இடைவெளியை கையேட்டில் சொன்னபடி சரிபார்த்தல், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே ஈரம் துடைத்தல். பெரும்பாலும் இதற்கு மேல் வேலை இருக்காது.

வாரம் ஐந்து நிமிட யோசனை பற்றி. செல்ஃப் எடுத்துக்கொண்ட கரண்டையே ஐடிலில் ஓடும் பழைய டைனமோ திருப்பித் தருவது சந்தேகம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் தண்ணீர், இன்ஜின் நன்றாகச் சூடேறாததால் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். சைலன்சர் உள்ளிருந்தே துரு பிடிக்கும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். முடியாவிட்டால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆன குஷியில் நேராக ரோட்டுக்கு எடுத்துவிடவும் வேண்டாம். பிரேக் பெடல் அழுத்தமாக நிற்கிறதா, மெதுவாக உள்ளே இறங்குகிறதா என்று நின்ற இடத்திலேயே மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்திய வண்டியில் பின் சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். அடுத்த முறை நீண்ட நாள் நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

டீசல் வண்டிக்குக் கதை வேறு. குழாயில் புகுந்த காற்றை எடுப்பது, ஹீட்டர் பிளக் பார்ப்பது என்று அது தனிக் கடிதம். ஆசிரியர் இடம் ஒதுக்கினால் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பட்டறை வைத்திருக்கும் வாசகர்