பூட்டு நழுவும் மடக்குக்கத்தி: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டைட்டானியம் ஃபிரேம் லாக் மடக்குக்கத்தியின் பூட்டு நழுவுவதும், விளம்பரத்தில் சொன்ன எஃகுத் துண்டு அதில் இல்லாததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற தை மாதம் உங்கள் இணையதளத்தில் 38,000 ரூபாய் கொடுத்து ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். திறந்த அலகு மடங்காமல் பிடிக்க வேண்டிய அதன் பூட்டு இப்போது நிற்பதில்லை. உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். “எல்லா மடக்குக்கத்தியிலும் பூட்டு போகப் போக இப்படித்தான் ஆகும், பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள்” என்று பதில் வந்தது. இது உண்மையல்ல என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது. தென்னந்தோப்பில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போட்ட 16 மி.மீ. குழாயை அறுத்துக்கொண்டிருந்தேன். அலகு பாதி இறங்கியதும் குழாய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெளியே எடுக்க லேசாக ஆட்டி இழுத்தேன். கத்தியின் முதுகில் அழுத்தம் விழுந்ததும் பூட்டு விட்டுவிட்டது. அலகு என் விரல் மேல் மடங்கியது. தோல் கையுறை போட்டிருந்ததால் கையுறை கிழிந்ததோடு போயிற்று. குழாய் அறுப்பது முரட்டு வேலை அல்ல. மரம் பிளக்கவோ ஆணி நெம்பவோ இந்தக் கத்தியை நான் எடுத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வாங்கிய புதிதில், கத்தியைத் திறந்ததும் பூட்டு நாக்கு (அலகைப் பின்னாலிருந்து தாங்கும் தகடு) அலகின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போய் நிற்கும். இப்போது எதிர்ப்பக்கத் தகட்டில் போய் முட்டுகிறது. அதாவது, தேய்மானத்தை ஈடுகட்ட அது நகர வேண்டிய இடம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. நாக்கு உட்காரும் இடத்தில் அலகின் எஃகு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அது அழுக்கல்ல, நாக்கிலிருந்து உரிந்த டைட்டானியம்.

காரணம் உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரிந்ததுதான். ஃபிரேம் லாக்கில் கைப்பிடித் தகட்டையே கீறி, ஒரு நாக்கைப் போலப் பிரித்து உள்பக்கமாக வளைத்துவிடுகிறார்கள். கத்தி திறந்ததும் அந்த நாக்கு ஸ்பிரிங் மாதிரி வந்து அலகின் சரிவான அடிப்பகுதிக்குப் பின்னால் ஆப்பு போல நிற்கிறது. கத்தியைப் பிடித்திருக்கும் கையே நாக்கை உள்ளே அழுத்துவதால் பிடி இறுகும். அருமையான அமைப்பு, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் டைட்டானியம், கடினப்படுத்திய அலகு எஃகைவிட மென்மையானது. வெறும் டைட்டானியம் எஃகில் உரசினால் ஒட்டும், உரியும், தேயும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் நாக்கின் நுனியை அப்படியே விடுவதில்லை.

இந்தப் பூட்டைப் பிரபலமாக்கிய கத்தித் தயாரிப்பாளர் கிறிஸ் ரீவின் செபென்சா கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செபென்சாக்களில் நாக்கின் முகத்தைச் சூடேற்றிக் கடினப்படுத்தினார்கள். 2019இல் வந்த செபென்சா 31இல் அந்த இடத்தில் ஒரு செராமிக் குண்டு வைத்தார்கள். டைட்டானியம் எஃகைத் தொடுவதே இல்லை. மற்ற பல நிறுவனங்கள் நுனியில் தனியாக ஒரு எஃகுத் துண்டை ஸ்க்ரூ போட்டுப் பொருத்துகின்றன. தேய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், பூட்டை விடுவிக்கும்போது நாக்கு வெளிப்பக்கம் அதிகமாக வளைந்து பலமிழக்காமல் தடுக்கவும் அதே துண்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் விளம்பரம் எனக்கு விற்றதும் இதைத்தான். “மாற்றக்கூடிய எஃகுத் துண்டுடன் கூடிய ஃபிரேம் லாக்” என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் நாக்கின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ தலையும் தெரிந்தது. எனக்கு வந்த கத்தியில் ஸ்க்ரூவும் இல்லை, துண்டும் இல்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் கழற்றவில்லை, வெளியிலிருந்தே தெரிகிறது. வாங்கிய அன்றே ஸ்க்ரூவை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்ல முடியாது.

“எல்லாப் பூட்டும் இப்படித்தான்” என்ற பேச்சுக்கு வருகிறேன். பக் நிறுவனத்தின் 110 மாடல் மடக்குக்கத்தி 1964 முதல் வருகிறது. அதன் பூட்டு கைப்பிடியின் முதுகில் இருக்கும் ஒரு நெம்புத்தண்டு. அதன் கொக்கி அலகின் பள்ளத்தில் விழுந்து உட்காரும். கொஞ்சம் தேய்ந்தால் அலகு மேலும் கீழும் லேசாக ஆடும், அவ்வளவுதான். பெஞ்ச்மேட் 1998இல் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக்கில் குறுக்கே ஒரு எஃகுத் தண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங். ஒரு ஸ்பிரிங் ஒடிந்தாலும் இன்னொன்று தாங்கும். மடக்கும்போது விரல் அலகின் வழியில் வராது. ஸ்பைடர்கோவின் கம்ப்ரஷன் லாக்கில் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் எஃகுத் தகடு, அலகுக்கும் தடுப்பு ஊசிக்கும் (திறந்த அலகு முட்டி நிற்கும் சின்னத் தண்டு) நடுவில் போய் நெருக்குண்டு நிற்கும். தோப்பு வேலைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். முதுகில் விழும் அழுத்தம் மெல்லிய நாக்கை வளைக்கப் பார்ப்பதில்லை, தடுப்பு ஊசி மேல் போய் இறங்குகிறது. உங்கள் கத்தியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஓபினெல்லில், 1955 முதல் ஒரு எஃகு வளையத்தைத் திருப்பிப் பூட்டுகிறார்கள். என்னிடம் உள்ள ஓபினெல்லின் மரக் கைப்பிடி கறுத்துவிட்டது, வளையம் இன்னும் நழுவவில்லை.

பென்சில் கரி யோசனை ஆபத்தானது. நாக்கு ஒட்டிக்கொண்டு, கத்தியை மடக்கப் பூட்டை விடுவிக்க வராமல் அடம்பிடித்தால் கரி உதவலாம். என் புகார் பூட்டு ஒட்டுகிறது என்பதல்ல, நழுவுகிறது என்பது. நழுவும் பூட்டில் வழுக்கும் பொருளைத் தேய்க்கச் சொல்வது விரலைக் காவு கேட்பது. இந்தப் பதிலை எழுதியவர் என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதினாரா என்று விசாரியுங்கள்.

கத்தியின் மற்ற எதிலும் எனக்குக் குறை இல்லை. அலகு கூர் நன்றாக நிற்கிறது, பாஸ்பர் பிரான்ஸ் வாஷரில் ஓட்டம் மென்மை, கிளிப் வேட்டி மடிப்பிலும் பிடிக்கிறது. ஆனால் மடக்குக்கத்தியில் பூட்டு விட்டுப்போனால் மீதி எதுவும் கணக்கில் வராது.

நான் கேட்பது இது. உங்கள் செலவில் கத்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். விளம்பரத்தில் சொன்ன எஃகுத் துண்டோடு கூடிய கத்தி உங்களிடம் உண்மையிலேயே இருந்தால், பணத்துக்குப் பதில் அதை வாங்கிக்கொள்ளவும் சம்மதம். அனுப்பும் முன் நாக்கின் நுனியைப் படமெடுத்து அனுப்புங்கள். இரண்டில் எதுவானாலும், இணையதளத்தில் உள்ள படத்தையும் வர்ணனையையும் உடனே திருத்துங்கள். இதே கத்தியை வாங்கியவர்களுக்கு, நாக்கு எதிர்த்தகட்டைத் தொட்டால் பயன்படுத்த வேண்டாம் என்று தகவல் அனுப்புங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். அவர்கள் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருள், தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய இரண்டையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, உங்கள் விளம்பரப் பக்கத்தின் நகல், நாக்கு நிற்கும் இடத்தையும் கிழிந்த கையுறையையும் காட்டும் படங்கள், சேவைப் பிரிவின் பதில் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்துள்ளேன். கத்தி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆள் வந்து பார்ப்பதானால் தாராளமாக வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.